தானாக அணைந்துபோகும் கம்ப்யூட்டர்: சுவர் சாக்கெட்டிலிருந்து பழுது தேடும் வழி

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டால் வருகிறது. கொஞ்ச நேரத்தில் மீண்டும் அணைகிறது. யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றிவிடலாம்" என்பதுதான். அதற்கு உடனே சம்மதித்துவிடாதீர்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் நான் பார்த்தவரை இந்தக் கோளாறுக்கு முதல் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஏறி இறங்கும் மின்சாரம். மற்றது, காற்றோடு வந்து சேரும் பஞ்சும் மண்ணும். விண்டோஸை அழிப்பதால் இரண்டுமே சரியாகாது. வீட்டில் இருந்த கணக்கும் படங்களும் போவதுதான் மிச்சம்.

ஆகவே வெளியிலிருந்து உள்ளே போவோம். சுவர் சாக்கெட், யுபிஎஸ், வயர், கேபினெட், அதற்குள் இருக்கும் பாகங்கள், எல்லாம் பார்த்த பிறகு மென்பொருள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

எதையும் கழற்றும் முன்

முதல் வேலை, பிரதி எடுப்பது. ஜாப் ஒர்க் பில், தறிக்கணக்கு, ஜிஎஸ்டி கோப்புகள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், கல்யாணப் படங்கள் என்று இழக்கக் கூடாத எல்லாவற்றையும் பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ போட்டுவிடுங்கள். வட்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால், எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு கெட்டுப்போகலாம். கணக்கு மென்பொருள்களின் தரவு இப்படிக் கெடுவது சாதாரணமாக நடப்பதுதான். ஆகவே இந்த வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து, எப்படி அணைகிறது என்று கவனியுங்கள். எல்லா அணைதலும் ஒன்றல்ல.

திரை மட்டும் இருண்டு, கேபினெட்டின் விளக்கும் விசிறியும் ஓடிக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் அணையவே இல்லை. மானிட்டர், அதன் கேபிள், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு விசையைத் தட்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது உறக்க நிலை. விண்டோஸின் பவர் அமைப்பில் நேரத்தைக் கூட்டினால் போதும். நீலத்திரை ஒரு கணம் வந்து தானாக மறுபடி தொடங்கினால் ரேம், டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), வட்டு ஆகியவற்றின் மீது சந்தேகம் போக வேண்டும். எந்த அறிவிப்பும் இல்லாமல் விளக்கு, விசிறி எல்லாம் ஒரே நொடியில் அடங்கினால் மின்சாரம் அல்லது சூடு. நம் பக்கத்தில் அதிகம் நடப்பது இந்தக் கடைசி வகை.

அணைந்த பிறகு என்ன ஆகிறது என்பது இன்னும் நல்ல துப்பு. உடனே பட்டனை அழுத்தியதும் வந்து, மணிக்கணக்காக ஓடினால் வோல்டேஜையோ யுபிஎஸ்ஸையோ சந்தேகியுங்கள். உடனே போட்டால் ஓரிரு நிமிடத்தில் அணைந்து, அரை மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் வெகுநேரம் ஓடுகிறதா? அது சூடு. பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாமல், பிளக்கைப் பிடுங்கிச் சிறிது நேரம் கழித்து மாட்டினால் மட்டும் உயிர் வருகிறதா? கேபினெட்டுக்குள் மற்ற பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது என்று கொள்ளலாம். போட்ட நான்கைந்து நொடிக்குள் அணைந்தால், முன்பக்கப் பவர் பட்டன் உள்ளே சிக்கி அழுந்தியபடியே இருக்கிறதா என்று பாருங்கள். பட்டனைத் தொடர்ந்து நான்கு நொடி அழுத்தினால் கம்ப்யூட்டர் அணைய வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு.

ஒரு பழைய நோட்டில் ஒரு வாரம் எழுதி வையுங்கள்: அணைந்த நேரம், அப்போது என்ன வேலை ஓடியது, வீட்டு விளக்குகள் மங்கினவா, பக்கத்தில் தறியோ மோட்டாரோ தொடங்கிய சத்தம் கேட்டதா. சோமனூர் பக்கத்துத் தறிக்குடோன் ஒன்றை ஒட்டிய வீட்டில் இந்த நோட்டுதான் பழுதைக் காட்டிக் கொடுத்தது. எழுதியிருந்த நேரங்கள் எல்லாமே காலை ஷிப்ட் தொடங்கும் வேளையிலும், மின்தடை முடிந்து தறிகள் ஒன்றாக ஓடத் தொடங்கும் வேளையிலும் வந்து நின்றன. கம்ப்யூட்டரைத் திறக்கவே தேவைப்படவில்லை.

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு

விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் ஈவென்ட் வியூவர் இருக்கும். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கம்ப்யூட்டர் அணைந்த நேரத்தை ஒட்டிய வரிகளைத் தேடுங்கள். 1074 என்ற எண் இருந்தால் ஏதோ ஒரு நிரலோ பயனாளரோ முறைப்படி அணைத்திருக்கிறார்கள். எந்த நிரல் என்றும் அங்கேயே எழுதியிருக்கும். 6008, 41 என்ற எண்கள் இருந்தால் முறைப்படி அணையவில்லை என்று பொருள்.

இந்த 41 என்ற எண்ணைப் பார்த்ததும் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அது தவறு. சரியாக நிறுத்தப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதை மட்டுமே அது பதிகிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அந்த வரியைத் திறந்து விவரப் பகுதியில் பக்செக்கோடு என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை. மின்சாரம், சூடு பக்கம் போகலாம். வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. அந்த எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் பக்கம்

நம் வீடுகளுக்கு வர வேண்டியது 230 வோல்ட். தோட்டத்து வீடுகளில் மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றிலும் கிணற்று மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும். விசைத்தறிப் பகுதிகளிலும் இதே கதைதான். மோட்டார் தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு. அந்த நொடியில் அக்கம்பக்கத்து வோல்டேஜ் சரிந்து மீளும். ஃபேனுக்கு அது தெரியாது, விளக்கு ஒருமுறை மங்கி மீளும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

முதலில் எளிய சோதனை. கம்ப்யூட்டரின் பிளக்கை எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து கழற்றி, யுபிஎஸ்ஸையும் விலக்கிவிட்டு, வேறு அறையின் நல்ல மூன்று முள் சாக்கெட்டில் நேரடியாக மாட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். கோளாறு நின்றுவிட்டால் குற்றம் விலக்கிய பொருள்களில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பிளக் ஆடுகிறதா, சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்புக் கறை இருக்கிறதா, கேபினெட்டின் பின்புறம் மாட்டும் வயர் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். காலால் தட்டுப்பட்டுத் தளர்ந்த அந்த ஒரு வயரால் மட்டுமே பல கம்ப்யூட்டர்கள் பழுதுக்கடைக்குப் போய் வருகின்றன.

அடுத்தது யுபிஎஸ். பச்சை விளக்கு எரிகிறது என்பதால் அது நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. வீட்டு யுபிஎஸ் பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும், சூடான அறையில் இன்னும் சீக்கிரம். பேட்டரி செத்த யுபிஎஸ், வோல்டேஜ் சரியும் நொடியில் பேட்டரிக்கு மாற முயன்று தானே அணைந்துவிடும். அதாவது, யுபிஎஸ் இல்லாமல் தாங்கியிருக்கக்கூடிய சிறு சரிவைக்கூட அது முழு மின்தடையாக மாற்றிவிடுகிறது. சோதிக்க: கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, யுபிஎஸ்ஸில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி எரியவிடுங்கள். பிறகு சுவர் சுவிட்சை அணையுங்கள். பல்பு உடனே அணைந்தாலும், ஒரு நிமிடம்கூடத் தாங்காவிட்டாலும், பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. லேசர் பிரின்டரை ஒருபோதும் யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள்.

வீட்டுக்கு இன்வெர்ட்டர் வைத்து, அதன் லைனிலேயே கம்ப்யூட்டரை ஓட்டுபவர்கள் இன்வெர்ட்டரின் பின்புறம் இருக்கும் ஒரு சிறு சுவிட்சைப் பார்க்க வேண்டும். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலை உண்டு. நார்மலில் இருந்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரம் அதிகம். விளக்கும் ஃபேனும் பொறுக்கும், கம்ப்யூட்டர் பொறுக்காது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். முழுச் சுமையில் மின்சாரம் இல்லாமல் தாங்குவது ஒரு நொடியில் சுமார் அறுபதில் ஒரு பங்கு நேரம்தான். சுவிட்சை யுபிஎஸ் நிலைக்கு மாற்றியதும் தொல்லை தீர்ந்த வீடுகள் உண்டு.

யுபிஎஸ் நன்றாக இருந்தும் மின்தடை வரும்போது மட்டும் கம்ப்யூட்டர் அணைகிறதா? விலை கூடிய சில எஸ்.எம்.பி.எஸ். வகைகளுக்கு மலிவான யுபிஎஸ் தரும் படிக்கட்டு வடிவ மின் அலை ஒத்துவராது. அதற்குச் சீரான அலை தரும் ப்யூர் சைன்வேவ் யுபிஎஸ் வேண்டும்.

எர்த் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தால் எர்த் சரியில்லை. வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்துபோகும். தோட்டத்து வீடுகளில் அதற்குத் தண்ணீர் ஊற்றி வரும் பழக்கம் நல்ல பழக்கம். ஓர் அறையில் விளக்கு மங்கும்போது இன்னோர் அறையில் அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். அது கம்ப்யூட்டரோடு நிற்கிற ஆபத்தல்ல. மெயினை அணைத்துவிட்டு உடனே எலக்ட்ரீஷியனையோ மின்வாரியத்தையோ அழையுங்கள். சாக்கெட்டுக்குள் நீங்களே கைவைக்க வேண்டாம்.

பஞ்சும் ஆடிக்காற்றும்

ஆனியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றைப் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் மின்சாரமாக்குகின்றன. அதே காற்று வீட்டுக்குள் செம்மண்ணையும் கொண்டுவருகிறது. திருப்பூரில் பனியன் பஞ்சு, பொள்ளாச்சியில் தென்னை நார்த்தூள், தறி ஓடும் ஊர்களில் நூல் தூசி. கம்ப்யூட்டரின் விசிறி நாள் முழுக்க இதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தொடும் சித்திரை மாதத்தில் இந்தத் தூசியின் விலை தெரியும்.

பிராசசர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் சுமார் 100 டிகிரியைத் தாண்டிப் போனால், கருகிவிடாமல் இருக்க மின்சாரத்தை அறுத்துவிடும். எனவே அணைவதற்கு முன் சில நாட்களாகக் கம்ப்யூட்டர் மந்தமாக இருந்ததா, விசிறி இரைந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

சூட்டை அளக்க கோர் டெம்ப் போன்ற இலவச நிரல்கள் உண்டு. மெஷின் சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி வரை இருப்பது இயல்பு. கடும் வேலையில் 80 வரை போகலாம். சும்மா இருக்கும்போதே 70, 80 என்று நின்றால் திறந்துதான் ஆக வேண்டும்.

திறக்கும் முறை இது. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடியும். கேபினெட்டைத் திண்ணைக்கோ வாசலுக்கோ கொண்டுபோங்கள். ஆசாரத்தில் வைத்து ஊதினால் தூசி வீடு முழுக்கப் பரவும். பின்பக்கம் உள்ள இரண்டு திருகுகளைக் கழற்றினால் பக்கத் தகடு நகர்ந்து வரும். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உடலில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிராசசர் விசிறி சுற்றுகிறது, இறக்கைகளும் சுத்தமாகத் தெரிகின்றன, அதனால் தூசி இல்லை என்று மூடிவிடுகிறார்கள். அனுப்பர்பாளையம் பக்கத்தில் ஒரு கட்டிங் யூனிட்டின் மாடி வீட்டில் அப்படி மூடப்பட்ட ஒன்றை மறுபடி திறந்தோம். விசிறியை மட்டும் ஹீட் சிங்கிலிருந்து (பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளின் தொகுதி) பிரித்து எடுத்தபோது, அலுமினியத் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் வட்டமாக ஒட்டியிருந்தது. நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பியதும் முழுதாக உரிந்து வந்தது; இடையிடையே நீலமும் சிவப்புமாகப் பனியன் நூல் தெரிந்தது. விசிறி ஓயாமல் சுற்றியும் ஒரு துளிக் காற்றும் தகடுகளுக்குள் போகவில்லை. மேலிருந்து பார்த்தால் இந்தப் படலம் தெரியவே தெரியாது. ஆகவே விசிறியைப் பிரித்துப் பாருங்கள்.

சுத்தம் செய்யக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷும் சிறு புளோயரும் போதும். ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும், மின்சாரமும் பிறந்து மதர்போர்டுக்குப் போகும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காட்டி ஊதும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அழுத்தம் அதிகம், குழாயில் தண்ணீரும் வரும். ஈரத்துணி கூடவே கூடாது.

பல இன்டெல் பிராசசர்களோடு வரும் ஹீட் சிங்கை நான்கு பிளாஸ்டிக் முனைகள் போர்டோடு பிடித்திருக்கும். அதில் ஒன்று எழும்பி நின்றாலும் ஒரு பக்கம் ஒட்டாமல் சூடு ஏறும். ஒவ்வொன்றையும் அசைத்துப் பாருங்கள். ஹீட் சிங்கையே கழற்றினால் பிராசசருக்கும் அதற்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசையான பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்து மூடுங்கள். பழையதை அப்படியே வைத்து மூடாதீர்கள். ஊசிகள் கொண்ட பழைய ஏஎம்டி பிராசசர்களில் ஹீட் சிங்கை நேராக இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் ஓட்டி, பேஸ்ட் இளகிய பிறகு அணைத்து, மெல்லத் திருகி எடுங்கள்.

மூடும் முன் பல்லியையும் தேடுங்கள். வெதுவெதுப்புக்காகக் கேபினெட்டுக்குள் போய், போர்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடப்பது அபூர்வமல்ல. பின்புறம் கார்டு இல்லாத துளைகளுக்குத் தகடு போட்டு மூடுங்கள். கேபினெட்டை மர மேசையின் கதவு வைத்த அறைக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தறியும் பனியனும் உள்ள ஊர்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சுத்தம் தேவை. மற்ற இடங்களில் ஆறு மாதம்.

எஸ்.எம்.பி.எஸ்.

மின்சாரமும் தூசியும் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் இதன் மீதுதான். வேலை கூடும்போது, விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ ஓடும்போது மட்டும் அணைவது, பிராசசர் சூடும் சாதாரணமாக இருப்பது, இரண்டும் சேர்ந்தால் சந்தேகம் பலமாகிறது. விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் பல மெஷின்களில் மூன்று வோல்டேஜ்களைக் காணலாம். 12 என்பது 11.4 முதல் 12.6 வரை, 5 என்பது 4.75 முதல் 5.25 வரை, 3.3 என்பது 3.14 முதல் 3.46 வரை இருக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியே கழற்றி, போர்டில் மாட்டும் அதன் முனையில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து அதன் விசிறி சுற்றுகிறதா என்று பழுது பார்ப்பவர்கள் சோதிப்பதுண்டு. அது சுமை இல்லாமல் செய்யும் சோதனை. சுமையில் தாங்குமா என்பதை அது சொல்லாது. நல்லதென்று தெரிந்த இன்னொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரவல் வாங்கி இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதே உறுதியான வழி. மாட்டும் முன் பின்புறம் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் 230-இல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

புதிதாக வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணை நம்பாதீர்கள். ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்துப் பெருக்குங்கள். 450 வாட் என்று எழுதி, 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் மட்டும் இருந்தால் அந்த வரியில் கிடைப்பது 216 வாட்தான். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த வரியிலிருந்துதான் உண்கின்றன.

மிச்சமிருப்பவை

நீலத்திரை வந்தவர்கள் ரேம் பட்டைகளைக் கழற்றி, தங்க நிறப் பகுதியை மென்மையான அழிப்பானால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இருபுறமும் கிளிப் மாட்டும் வரை அழுத்திப் பொருத்துங்கள். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்து ஓட்டுங்கள். மதர்போர்டில் உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலை புடைத்திருந்தால் கடைக்குத்தான் போக வேண்டும்.

அண்மையில் ஏற்றிய டிரைவரையோ நிரலையோ நீக்கிப் பாருங்கள். கணக்காக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அணைந்தால், காலம் முடிந்த சோதனைப் பதிப்பு விண்டோஸ் ஏற்றப்பட்டிருக்கலாம்.

லேப்டாப் என்றால் மெத்தையில் வைத்து ஓட்டுவதை முதலில் நிறுத்துங்கள். அடிப்பகுதி உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அழுத்தாமல், சார்ஜ் போடாமல், அணைத்து எடுத்துச் செல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது

அந்த நோட்டையும், ஈவென்ட் வியூவரில் குறித்த எண்களையும், இதுவரை எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்ற பட்டியலையும் கொண்டுபோங்கள். யுபிஎஸ்ஸையும் பவர் வயரையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். பல கடைகளில் அவர்களுடைய நல்ல வயரில், சீரான மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கோளாறே இல்லை என்பார்கள். அங்கே ஒரு நாள் முழுக்க அணையாமல் ஓடி, வீட்டுக்கு வந்ததும் அணைந்தால், மறுபடி கடைக்குத் தூக்கிப் போகாமல் எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள். பாகம் எதையாவது மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியதன் பில்லில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் எழுதச் சொல்லுங்கள். அவை இல்லாத பில்லைக் காட்டி வாரண்டி கேட்பது சிரமம்.